கிழிந்த காகித விளிம்பு: எந்த வழியில் செய்தால் நிஜமாகத் தெரியும்?

நாளிதழுக்குள் வைத்துக் கொடுப்பார்களே, ஆடித் தள்ளுபடி நோட்டீஸ், வழவழப்பான கலர் தாள். அதில் ஒன்றை எடுத்து நடுவாகக் கிழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிழிந்த இடத்தில் ஒரு கோடு இருக்கும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு இருக்கும். மை ஏறிய மேல்பரப்பு ஓரிடத்தில் முடிகிறது. அதன் அடியிலிருந்து தாளின் உள்சதை வெள்ளையாக, பஞ்சு பஞ்சாக, இன்னும் சிறிது தூரம் நீண்டு, அப்புறம் முடிகிறது. இந்த இரண்டு கோடுகளும் சேர்ந்தே ஓடுவதில்லை. ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும், பக்கத்திலேயே ஒரு அரிசி நீளத்துக்கு விலகும், மறுபடி ஒட்டும். மறு கையில் இருக்கும் பாதியைப் பாருங்கள், அதில் முன்பக்கம் வெள்ளையே இருக்காது, பின்பக்கம் போயிருக்கும். கிழிக்கும்போது எந்தப் பாதியை நம் பக்கமாக இழுத்தோம் என்பதைப் பொறுத்து அது மாறுகிறது.

ஒரு படத்துக்குக் கிழிந்த ஓரம் வைக்கலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் "எந்த ஃபில்டர்?" என்றுதான் தேடுகிறார்கள். டிடிபி, லேஅவுட் வேலையிலேயே இத்தனை வருஷம் ஓடியதில் எனக்குப் புரிந்தது, ஃபில்டர் அப்புறம்தான். அந்த இரண்டாவது கோடு வருகிறதா, வந்தால் அது முதல் கோட்டைக் காப்பி அடிக்காமல் தன் போக்கில் போகிறதா, இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இது இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில் செய்தாலும் எலி கடித்த பிஸ்கட் மாதிரிதான் இருக்கும். அதனால் கீழே சொல்லும் எல்லா வழிகளையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்க்கப் போகிறேன். கூடவே மூன்று விஷயங்கள்: மொத்தம் எத்தனை படம், எவ்வளவு பெரிதாக அச்சாகும், பார்க்கிறவர் எவ்வளவு கிட்டத்தில் இருந்து பார்ப்பார்.

எத்தனை படம் என்று ஏன் கேட்கிறேன் என்றால், ஒரு பள்ளியின் பொன்விழா மலர் செய்தபோது நாற்பது பழைய புகைப்படங்களுக்கும் கிழிந்த ஓரம் வேண்டும் என்று கேட்டார்கள். நேரம் இல்லை. கிழிந்த ஓரம் ஏற்கெனவே செய்து வைத்த, பின்னணி இல்லாத ரெடிமேட் பிஎன்ஜி படம் ஒன்றை எடுத்து எல்லாப் படத்துக்கும் போட்டுவிட்டேன். திரையில் ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கும்போது எனக்கு எதுவும் உறுத்தவில்லை. புத்தகம் அச்சாகி வந்தபின், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து, "ஏம்ப்பா, எல்லாப் போட்டோவும் இடது பக்கம் மூக்கு வச்ச மாதிரி ஒரே இடத்துல கிழிஞ்சிருக்கே?" என்றார். அவர் சொன்னபிறகு எனக்கு அந்த மூக்கைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. கிழிசல் என்றாலே ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்பதுதானே அதன் அர்த்தம். ஒரே கிழிசல் இரண்டாவது முறை வந்த உடனே வாசகரின் கண் அதைப் பிடித்துவிடுகிறது, அவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் சரி.

போட்டோஷாப்பில் இருந்து தொடங்குகிறேன், பெரும்பாலான டிசைன் கடைகளில் அதுதான் இருக்கிறது. முதலில் ஒரு விஷயம். ஃபில்டர் கேலரியில் ஸ்கெட்ச் பிரிவுக்குள் "டார்ன் எட்ஜஸ்" என்ற பெயரிலேயே ஒன்று இருக்கிறது. பெயரை நம்பி அதைப் படத்தின் மேல் போட்டால் ஓரம் கிழியாது; படம் முழுவதும் இரண்டே நிறத்தில், தாளைக் கிழித்து ஒட்டிச் செய்த உருவம் போல மாறிவிடும். அது வேறு வேலைக்கானது. நமக்கு வேண்டியது லேயர் மாஸ்க்தான், அதாவது படத்தை அழிக்காமல், வெள்ளையாக இருக்கும் இடத்தைக் காட்டி, கறுப்பாக இருக்கும் இடத்தை மறைக்கும் ஒரு திரை.

லாஸோவை (கையால் கோடு போட்டுத் தேர்வு எடுக்கும் கருவி) எடுத்துப் படத்தின் ஓரத்தைச் சுற்றிக் கையாலேயே கோணல்மாணலாக ஒரு கோடு போடுங்கள். இந்த இடத்தில் அவசரம் வேண்டாம், இரண்டு மூன்று இடத்தில் உள்ளே நன்றாக வாங்கி, ஓரிடத்தில் நீளமாக நேராக விட்டு, மூலையில் ஒரு துண்டு பிய்ந்துபோன மாதிரி செய்யுங்கள். பெரிய வடிவம் கையில் இருந்து வர வேண்டும், ஃபில்டர் தருவது சின்னச் சின்னப் பிசிறு மட்டும்தான். அந்தத் தேர்வை மாஸ்க்காக மாற்றிவிட்டு, மாஸ்க்கின் மேல் சொடுக்கி, பிக்சலேட் பிரிவில் இருக்கும் கிறிஸ்டலைஸைப் போடுங்கள். 10 அங்குல அகலத்துக்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3000 பிக்சல், அதற்கு நான் செல் சைஸ் 8 முதல் 12 வரை வைப்பேன். இணையத்துக்கான 800 பிக்சல் படத்தில் அதே 10 வைத்தால் உடைந்த கண்ணாடி மாதிரி கூர்கூராகத் தெரியும், அங்கே 3 அல்லது 4 போதும். அப்புறம் அதே மாஸ்க் மேல் ஃபில்டர் கேலரியில் இருந்து ஸ்பேட்டர், ஸ்ப்ரே ரேடியஸ் 5 பக்கம். கிறிஸ்டலைஸ் பல்லைத் தருகிறது, ஸ்பேட்டர் அந்தப் பல்லின் ஓரத்தை நூல் பிரிந்த மாதிரி கலைத்துவிடுகிறது. சிஎம்ஒய்கே ஃபைலில் (அச்சுக்கான நான்கு மை நிறமுறை) ஃபில்டர் கேலரி சொடுக்க முடியாதபடி மங்கிப்போய்க் கிடக்கும், 16 பிட் படத்திலும் அப்படித்தான். ஆர்ஜிபி (திரைக்கான நிறமுறை), 8 பிட்டில் முடித்துவிட்டுக் கடைசியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இதுவரை வந்தது முதல் கோடு. இங்கேதான் பலர் ஸ்ட்ரோக் என்ற லேயர் ஸ்டைலைப் போட்டு, வெள்ளை நிறம், 10 பிக்சல் என்று வைத்து முடித்துவிடுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். ஸ்ட்ரோக் சுற்றிலும் ஒரே அகலத்தில் வரும், பார்த்த உடனே ஸ்டிக்கர் மாதிரி தெரியும். படத்துக்கு அடியில் ஒரு புது லேயர் வைத்து, கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மாஸ்க்கைச் சொடுக்கித் தேர்வை எடுங்கள், செலக்ட் மெனுவில் மாடிஃபைக்குள் இருக்கும் எக்ஸ்பாண்டில் 12 அல்லது 15 பிக்சல் கொடுங்கள். அப்புறம் லாஸோவோடு ஷிஃப்ட் பிடித்துச் சில இடத்தில் வெளியே கூட்டி, ஆல்ட் பிடித்துச் சில இடத்தில் முதல் கோட்டோடு ஒட்டும்வரை குறைத்துவிடுங்கள். ஒரு பக்கம் முழுவதும் வெள்ளை இல்லாமலே விட்டாலும் நல்லதுதான், நோட்டீஸில் பார்த்தோமே. உள்ளே சுத்த வெள்ளை நிரப்ப வேண்டாம், லேசாகப் பழுப்புக் கலந்த வெள்ளை. அதன்மேல் ஒரே நிறத்து நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) 3 சதவீதம். இந்த லேயருக்கும் மாஸ்க் போட்டுக் கிறிஸ்டலைஸ், ஆனால் வேறு செல் சைஸில். நிழலை அடிலேயருக்கு மட்டும் கொடுங்கள், தாள் எவ்வளவு மெல்லியதோ நிழலும் அவ்வளவு ஒட்டித்தான் இருக்கும், 3, 4 பிக்சல் தள்ளினால் போதும். நிழல் 20 பிக்சல் தள்ளி நிற்கிறது என்றால் தாள் மேஜையை விட்டு மிதக்கிறது என்று அர்த்தம்.

குறை என்னவென்றால், மாஸ்க்கின் மேல் போட்ட ஃபில்டரை அப்புறம் திறந்து எண்ணை மாற்ற முடியாது. வாடிக்கையாளர் "இன்னும் கொஞ்சம் கிழிக்கலாமா சார்" என்று கேட்டால் மறுபடி முதலில் இருந்துதான். நான் ஃபில்டர் போடும் முன்பு லாஸோ தேர்வை ஒரு சேனலாக (ஃபைலுக்குள்ளேயே இருக்கும் கறுப்பு வெள்ளைப் பதிவு) சேமித்து வைத்துக்கொள்வேன், பாதி வேலையாவது மிச்சம். முதல் படத்துக்கு இருபது நிமிஷம் ஆகும், கை பழகியதும் எட்டுப் பத்து நிமிஷத்தில் ஒன்று முடிக்கலாம். ஐந்தாறு படம், கிட்டத்தில் பார்க்கும் அச்சு வேலை என்றால் இந்த வழி நல்ல வழி. மாதச் சந்தா கட்டாதவர்கள் இதையே பிரவுசரில் ஓடும் போட்டோபியாவில் செய்யலாம், லாஸோவும் மாஸ்க்கும் ஏறக்குறைய அதே மாதிரிதான்.

கிம்ப் என்ற பட மென்பொருள் இலவசம் என்பதற்காக இரண்டாவதாகச் சொல்லவில்லை. இந்த ஒரு வேலையில் அது போட்டோஷாப்பைவிடச் சுலபம் என்று நான் நினைக்கிறேன். காரணம், செலக்ட் மெனுவில் டிஸ்டார்ட் என்று ஒன்று இருக்கிறது. தேர்வையே எடுத்துப் பிசிறாக்கித் தந்துவிடும், மாஸ்க் ஃபில்டர் எதுவும் தனியாக வேண்டாம். ஸ்பிரெட் 8, கிரானுலாரிட்டி 4, ஸ்மூத் 2 என்று இயல்பாகவே வரும். ஸ்பிரெட் என்பது கோடு எவ்வளவு தூரம் அலையலாம் என்பது. கிரானுலாரிட்டி அந்த அலை பெரிதா பொடியா என்பது. ஸ்மூத் கூடினால் முனை மழுங்கும். 3000 பிக்சல் படத்துக்கு ஸ்பிரெட்டை 15 வரைகூட ஏற்றலாம்.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டாவது கோடு தானாக வருவது. முதல் முறை டிஸ்டார்ட் செய்த தேர்வைச் சேனலில் சேமியுங்கள், அப்புறம் குரோ கொடுத்து 10 பிக்சல் வளர்த்து மறுபடி டிஸ்டார்ட் போடுங்கள். இரண்டாவது முறை அது வேறு மாதிரி சிதறுகிறது, அதனால் இரண்டு கோடும் ஒன்றையொன்று பின்தொடராமல், சில இடத்தில் ஒட்டியும் சில இடத்தில் விலகியும் அமைகிறது. போட்டோஷாப்பில் லாஸோ வைத்துக் கையால் செய்ததை இங்கே முக்கால்வாசி அதுவே பார்த்துக்கொள்கிறது. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: படம் கேன்வாஸின் விளிம்புவரை முட்டிக்கொண்டிருந்தால் வெளிப்பக்கம் சிதற இடம் இருக்காது, ஓரம் கத்தியால் வெட்டியது போல நின்றுவிடும். முதலில் கேன்வாஸ் சைஸை நாலு பக்கமும் ஒரு 100 பிக்சல் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். ஃபில்டர்ஸ் மெனுவில் டெக்கார் என்ற பிரிவில் ஃபஸ்ஸி பார்டர் என்றும் ஒன்று உண்டு, ஒரே சொடுக்கில் சுற்றிலும் பிசிறு ஓரமும் நிழலும் போட்டுத் தரும்; இணையத்தில் போடும் சின்னப் படத்துக்குப் பரவாயில்லை, ஆனால் நாலு பக்கமும் ஒரே சீராக வருவதால் கிழிசலைவிடக் கம்பளி ஓரம் மாதிரிதான் எனக்குத் தோன்றும். கிம்ப்பில் சிஎம்ஒய்கே முறையில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. அச்சுக்குப் போகும் வேலையென்றால் ஆர்ஜிபியில் முடித்து, லேஅவுட் மென்பொருளில் வைக்கும்போது மாற்றிக்கொள்வதுதான் நடைமுறை.

இந்த டிஸ்டார்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் எந்த மென்பொருளிலும் நீங்களே செய்துகொள்ளலாம், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைச் செவ்வகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிக்சல்களைக் கையால் மாவு தூவுவது போல அக்கம்பக்கம் சிதறடிக்க வேண்டும். ஓரம் பொடிப்பொடியாகிவிடும். அதை லேசாக மங்கலாக்கினால் பொடிகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் நிற மேடு பள்ளங்களாகும். இப்போது பாதிக்குமேல் வெளுத்ததெல்லாம் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு என்று ஒரே வெட்டாக வெட்டினால், நெளிநெளியாக ஒரு கோடு பிறக்கும். அதுதான் கிழிசல். இமேஜ்மேஜிக் என்ற கட்டளைவரி மென்பொருளில் இதையே சிதறல் 10, மங்கல் 3, வெட்டு 50 சதவீதம், அதற்குமேல் நார் தெரிவதற்காக மறுபடி சிதறல் 1, மங்கல் 0.7 என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். கடைசியில் வரும் அந்தச் சின்னச் சிதறலை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் பார்த்தால் கோடு மெழுகில் வெட்டியது போல வழவழவென்று இருக்கும், அது சேர்ந்ததும் காகிதமாகிவிடும்.

இருநூறு படம் என்றால் இமேஜ்மேஜிக்தான், யோசிக்கவே வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகச் சிதறுவதால் மூக்குப் பிரச்சினை வராது. ஒரு ஃபோல்டரைக் காட்டி ஓடவிட்டுவிட்டு டீ குடித்து வரலாம். ஆனால் கட்டளை எழுதிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு முதல் நாள் கஷ்டம், அப்புறம் பெரிய வடிவமும் கையில் இருந்து வராது. செவ்வகம் செவ்வகமாகவே இருக்கும், ஓரம்தான் பிசிறும்.

இனி என் மனசுக்குப் பிடித்த வழி. நிஜமாகவே தாளைக் கிழித்து ஸ்கேன் செய்வது.

சொன்னால் பலர் நேர விரயம் என்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும், அப்புறம் வருஷக்கணக்கில் அதையே வைத்து வேலை செய்யலாம். சாதாரண 70 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளில் சில துண்டு, பழைய பத்திரிகை அட்டையில் சில துண்டு, தடியான டிராயிங் தாளில் சில துண்டு கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் தாள் பொடி நார் தரும். டிராயிங் தாள் அடுக்கு அடுக்காக உரிந்து, அகலமான வெள்ளைப் பட்டை தரும். பிரஷ்ஷால் தண்ணீர்க் கோடு ஒன்று இழுத்து, ஊறவிட்டு, மெதுவாக இழுத்துக் கிழித்தால் நீள நீளமான நார்கள் தொங்கும், கைக்காகிதம் மாதிரி ஒரு மென்மை வரும். எதைக் கிழித்தாலும் ஒரு முறை உங்கள் பக்கம் இழுத்தும், ஒரு முறை எதிர்ப்பக்கம் தள்ளியும் கிழியுங்கள், வெள்ளை முன்னால் இருக்கும் துண்டும் இல்லாத துண்டும் இரண்டுமே கையில் இருக்கட்டும்.

ஸ்கேனரில் வைத்து மேலே கறுப்புச் சார்ட் தாளைப் போட்டு மூடி, 600 டிபிஐ வைத்து எடுங்கள். ஏ4 முழுவதும் எடுத்தால் சுமார் 4960 × 7016 பிக்சல் வரும், எந்தப் புத்தகத்துக்கும் தாராளம். ஸ்கேனர் மென்பொருளில் தானாகக் கூர்மையாக்குவது, தூசி நீக்குவது போன்றவை இருந்தால் அணைத்துவிடுங்கள், தூசி என்று நினைத்து நாரை அழித்துவிடும். அப்புறம் லெவல்ஸில் (வெளிச்சம், இருட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி) பின்னணியைச் சுத்தக் கறுப்பாகவும் தாளைச் சுத்த வெள்ளையாகவும் இழுத்து, அதையே காப்பி எடுத்து மாஸ்க்குக்குள் ஒட்டினால் முடிந்தது. தாளின் உள்பக்கம் எங்காவது சாம்பலாக இருந்தால் வெள்ளை பிரஷ்ஷால் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் படத்துக்குள் ஓட்டை ஓட்டையாகப் பின்னணி தெரியும். வெள்ளை முன்னால் இருக்கும் துண்டு என்றால் இன்னும் நல்லது: ஸ்கேனையே அடித்தாளாக வைத்து, அதன்மேல் படத்தை, மை முடியும் கோடு வரைக்கும் மட்டும் வெட்டி வைத்தால், இரண்டாவது கோட்டை நாம் உருவாக்க வேண்டியதே இல்லை, தாளே கொண்டுவந்துவிடுகிறது.

ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்தில் இருந்து வருவதால் நார்களின் நிழல் ஒரே திசையில் விழுந்திருக்கும். ஒரு துண்டை மேல் ஓரத்துக்கும், அதையே திருப்பிக் கீழ் ஓரத்துக்கும் வைத்தால் ஒன்றில் வெளிச்சம் மேலிருந்தும் இன்னொன்றில் கீழிருந்தும் வரும். மாஸ்க்காக மட்டும் பயன்படுத்தினால் இது தெரியாது; தாளின் உடம்போடு காட்டுகிறீர்கள் என்றால், நாலு பக்கத்துக்கும் நாலு துண்டுகளை அந்தந்தத் திசையிலேயே வைத்து ஸ்கேன் செய்துவிடுவது நல்லது. ஸ்கேனர் இல்லாதவர்கள் காலை வெயில் நேரடியாகப் படாத ஜன்னலோரத்தில் தாளை வைத்து, நேர் மேலிருந்து, ஃபிளாஷ் இல்லாமல் போனில் எடுக்கலாம். பத்திரிகை வேலைக்கு ஓரளவு ஈடுகொடுக்கும்.

ஸ்கேன் செய்யப்போய்த்தான் ஒரு விஷயம் எனக்கே விளங்கியது. நாளிதழை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ஏறக்குறைய நேராக வருகிறது. குறுக்கே கிழித்துப் பாருங்கள், எங்கேயோ இழுத்துக்கொண்டு போகும். இயந்திரத்தில் தாள் ஓடும் திசையில் நார்கள் படுத்துக்கொள்வதால் அப்படி. அப்படியென்றால் பழைய செய்தித் துணுக்கு ஒன்றைக் கிழித்த மாதிரி காட்டும்போது, இடது வலது ஓரங்கள் அடக்கமாகவும் மேல் கீழ் ஓரங்கள் ரொம்பக் கலைந்தும் இருக்க வேண்டும். நாலு பக்கமும் ஒரே மாதிரி பிசிறு கொடுத்தால் கண்ணுக்கு ஏதோ இடிக்கும். அதோடு நாளிதழ்த் தாளில் மேல்பூச்சு கிடையாது, உள்ளேயும் வெளியேயும் ஒரே பழுப்பு. அதற்குப் பளீரென்று வெள்ளை ஓரம் வைத்தால் பொய்யாகிவிடும். தாளின் நிறத்திலேயே கொஞ்சம் வெளிறிய ஓரம் போதும். கலர் லேபில் பிரிண்ட் போட்ட புகைப்படம் என்றால் நேர் எதிர்: அந்தத் தாளின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம், நடுவில் தடித்த வெள்ளைத் தாள். கிழித்தால் அகலமான வெள்ளைப் பட்டை வரும், பிசிறு குறைவாக இருக்கும். எதைக் கிழித்ததாகக் காட்டுகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் எண்களெல்லாம் தானாக அமைந்துவிடும்.

செய்தித் துணுக்கு என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கிழித்தெடுத்த ஓரம் வைத்த உடனே எந்த எழுத்தும் நிஜமான பத்திரிகைச் செய்தி என்ற தோற்றம் பெற்றுவிடுகிறது. நாம் டைப் செய்த வாசகத்துக்கு அந்த ஓரத்தை வைத்து, கீழே எந்தக் குறிப்பும் இல்லாமல் வாட்ஸ்அப்பில் விடுவதை நான் செய்யமாட்டேன், கேட்டு வருகிறவர்களிடமும் முடியாது என்று சொல்லிவிடுவேன். அசல் துணுக்கை ஸ்கேன் செய்து வைப்பது வேறு. புதிதாக அடித்தது என்றால் "மறுபதிவு" என்று ஒரு வார்த்தை போடுவதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கேன்வா, போனில் பிக்சல்லேப், பிக்ஸ்ஆர்ட் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கேன்வாவில் கிழிந்த தாள் வடிவத்தில் ஃபிரேம்கள் இருக்கின்றன, படத்தை இழுத்து உள்ளே போட்டால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். பிறந்தநாள் வாழ்த்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஒரே ஒரு போஸ்டர் என்றால் அதுவே சரி. ஃபிரேமின் கிழிசலை மாற்ற முடியாது என்பதால் இரண்டாவது படத்திலேயே அலுப்பு வரும், என் பொன்விழா மலர் கதைதான். பிஎன்ஜி தேடி இறக்குகிறவர்கள் ஒன்று பாருங்கள்: பின்னணி இல்லாத படம் என்று போட்டிருக்கும், இறக்கித் திறந்தால் அந்தச் சதுரக் கட்டங்கள் படத்தோடே சேர்ந்து வந்திருக்கும். அதோடு அதை வணிக வேலைக்குப் பயன்படுத்த அனுமதி இருக்கிறதா என்று அந்தத் தளத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பயிற்சிக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு பாடே வேண்டாம். ஷேர்எக்ஸ், கிரீன்ஷாட் இரண்டும் விண்டோஸில் இலவசம், இரண்டிலும் கிழிந்த ஓரம் என்ற எஃபெக்ட் உள்ளேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் ஸ்னாகிட்டிலும் உண்டு. எந்தப் பக்கம் கிழிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். இங்கே கிழிசல் ஓர் அடையாளம்தான், "பக்கம் இதற்குக் கீழேயும் தொடர்கிறது, நான் இவ்வளவுதான் காட்டுகிறேன்" என்று சொல்கிறது. அதனால் இரண்டாவது கோடும் நாரும் இங்கே தேவையே இல்லை, வெறும் வளைவு போதும். நாலு பக்கமும் கிழிக்காதீர்கள். எந்தப் பக்கம் வெட்டினீர்களோ அந்தப் பக்கம் மட்டும். மேலே மெனு முழுதாகத் தெரிகிறது, கீழேதான் நறுக்கியிருக்கிறீர்கள் என்றால் கீழே மட்டும்தான் கிழிசல், இல்லையென்றால் படிக்கிறவர் மேலேயும் ஏதோ இருக்கிறது என்று தேடுவார்.

ஃபிளெக்ஸ், கடை போர்டு மாதிரி பெரிய வேலைகளுக்கு நான் பிக்சலை விட்டுவிட்டு வெக்டருக்கு, அதாவது புள்ளிகளுக்குப் பதிலாகக் கோடுகளாகவே வரையும் முறைக்குப் போய்விடுவேன். 10 அடிக்கு 6 அடி பேனரை யாரும் மூக்கை ஒட்டி வைத்துப் பார்ப்பதில்லை, சாலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்துதான் பார்க்கிறார்கள். அங்கே நாரும் நாய்ஸும் வீண், பெரிய பெரிய வளைவும் தெளிவான வெள்ளைப் பட்டையும்தான் கண்ணில் படும். இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் மென்பொருளில் ஒரு செவ்வகத்தைப் பாத்தாக (இழுத்து வளைக்கக்கூடிய கோடாக) மாற்றி, எக்ஸ்டென்ஷன்ஸில் மாடிஃபை பாத்துக்குள் ஆட் நோட்ஸ் கொடுத்து நோட் (கோட்டின் வளைவுப் புள்ளிகள்) கூட்டிக்கொண்டு, கோட்டைக் கோணல்மாணலாக்கும் ஃபிராக்டலைஸைப் போடுங்கள். அதன் நகலுக்கு வெள்ளை நிறம் கொடுத்துக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கு இன்னொரு முறை ஃபிராக்டலைஸ். இரண்டாவது கோடு தயார். மேலே இருக்கும் பாத்தால் படத்தைக் கிளிப் செய்துவிடலாம், அந்த வடிவத்துக்குள் மட்டும் படம் தெரியும். கோரல்டிரா வைத்திருப்பவர்களுக்கு ரஃபன் டூலும் பவர்கிளிப்பும் இதே வேலையைச் செய்யும், பிரஸ்காரர்கள் அதிகம் பயன்படுத்துவதும் அதைத்தான். எத்தனை அடிக்கு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், ஓரம் உடையாது.

நீங்கள் எதை எடுப்பது என்று என்னிடம் கேட்டால், முதலில் உங்கள் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று கேட்பேன். போட்டோஷாப் தெரிந்தவர் இந்த வேலைக்காகக் கிம்ப் கற்றுக்கொள்ளத் தேவையில்லை, புதிதாகத் தொடங்குகிறவர் இதற்காகச் சந்தா கட்டவும் தேவையில்லை, கிம்ப்பின் டிஸ்டார்ட் போதும். கல்யாண ஆல்பம், நினைவு மலர், புத்தக அட்டை மாதிரி மடியில் வைத்துப் பார்க்கிற வேலை தொடர்ந்து வருகிறது என்றால் எந்த மென்பொருளாக இருந்தாலும் சரி, ஸ்கேன் செய்த துண்டுகளைச் சேர்த்து வைக்கத் தொடங்கிவிடுங்கள். என்னிடம் இப்போது அறுபதுக்கு மேல் இருக்கிறது, தாள் வகை, வெள்ளை முன்னாலா பின்னாலா, எந்த ஓரத்துக்கு என்று ஃபைல் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறேன், தேடுவதற்கு அதுதான் வசதி. இன்று காலை பேப்பரோடு வந்த நகைக்கடை நோட்டீஸில் இருந்து இன்னும் இரண்டு நல்ல ஓரம் கிடைத்தது. கீபோர்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, மின்சாரம் வந்ததும் ஸ்கேன் செய்ய வேண்டும்.